நம் கிணற்றடியில் ஒரு கடல்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், டெங்கு என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நாங்கள் வைத்தியசாலையில் தினமும் பேசுகிறோம். இன்று நாம் இருக்கும் இந்த மண்டபத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம். நூறு ஆண்டுகளைக் கொண்டாடும்போது நூறு ஆண்டுகள் என்றால் எவ்வளவு என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு நம் காலடியில் இருக்கும் கல்லிடமும் ஒரு பதில் உண்டு. அந்தப் பதில் நமது குடிதண்ணீரில் போய் முடிகிறது. அதனால்தான் இது ஒரு வைத்தியர் பேசவேண்டிய விடயமாகவும் ஆகிறது.

படைகளை வாசித்த வைத்தியர்

கடலடியிலும் குளத்தடியிலும் சதுப்பு நிலத்திலும் சேறு, மணல், சிப்பித் துகள், இலை, மகரந்தம் எல்லாம் மெல்ல மெல்லப் படிகின்றன. அவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறுகிப் படைகளாகின்றன. இவற்றைத்தான் நமது புவியியல் புத்தகத்தில் அடையற் படைகள் என்று படித்தோம். அந்தப் படைகளை ஒழுங்காக வாசிக்க உலகுக்குக் கற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் ஓர் உடற்கூற்று வைத்தியர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் நிக்கொலாஸ் ஸ்ரெனோ. 1638 இல் கோப்பன்ஹேகனில் பிறந்தவர். நமது கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் உமிழ்நீரைக் கொண்டுவரும் குழாயை ஸ்ரென்சன் நாளம் என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் பாடமாக்குகிறார்கள். அது அவர் பெயரால் வந்ததுதான். 1666 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலை அவரிடம் வெட்டிப் பார்க்கக் கொடுக்கப்பட்டது. அந்தச் சுறாவின் பற்கள், மலைகளில் கிடைத்த 'நாக்குக் கற்கள்' போலவே இருப்பதை அவர் கவனித்தார். அந்தக் கற்கள் உண்மையில் பழைய சுறாப் பற்களே என்றும், அவை கிடைத்த மலைப்பாறை ஒரு காலத்தில் கடற்சேறாக இருந்திருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார். 1669 இல் அவர் எழுதிய நூலில் உள்ள விதி மிக எளிமையானது: குலையாமல் இருக்கும் படைகளில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. படைகள் முதலில் கிடையாகவே படிகின்றன. அவை சரிந்து கிடந்தால் பின்னர் ஏதோ நடந்திருக்கிறது.

இது வைத்தியர்களுக்குப் பழக்கமான சிந்தனை. கடுமையான காய்ச்சலில் கிடந்து எழும்பியவரின் விரல் நகத்தைப் பார்த்தால், சில வேளைகளில் குறுக்கே ஒரு பள்ளமான கோடு தெரியும். நோயின் நாட்களில் நகத்தின் வளர்ச்சி தடைப்பட்டதன் அடையாளம் அது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். கோடு அடியிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளியிருந்தால், “இரண்டு மாதத்துக்கு முதல் கடுமையாகச் சுகமில்லாமல் இருந்தீர்களா?” என்று கேட்கலாம். குழந்தையின் பாற்பல்லை மெல்லிதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பிறந்த நேரத்தைக் குறிக்கும் ஒரு கோடே அதில் இருக்கும். தூரத்தை வளர்ச்சி வேகத்தால் பிரித்தால் காலம் கிடைக்கும். அடையற் படைகளுக்கும் இதே கணக்குத்தான். இளைய படைகளின் வயதை அறிய, அவற்றில் இருக்கும் இலை, மரத்துண்டு, கரி முதலியவற்றில் உள்ள கதிரியக்கக் காபனை அளக்கிறார்கள். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு உட்பட்ட படைகளுக்கு அந்த மணிக்கூடு பயன்படும்.

நமது கல்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறையால் ஆனது. அந்தப் பாறையில் உயிரினங்களின் சுவடு இல்லை. நமது குடாநாடும் வடமேற்குக் கரையோரமும் வேறு. நாம் நிற்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில். மயோசின் காலம் இற்றைக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இதே வகைப் பாறை புத்தளத்துக்கு அண்மையில் அருவாக்காட்டிலும், தென்கிழக்கே யால காட்டை அடுத்த மினிஹாகல்கந்தையிலும் வெளித்தெரிகிறது. இலங்கையின் மயோசின் பாறைகளைப் பற்றி வேலண்ட், டேவிஸ் என்ற இருவர் 1923 இல் எழுதிய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஏறத்தாழ நமது கல்லூரியின் வயதுதான் அந்த ஆய்வுக்கும்.

பழைய வீட்டு மதிலின் சுண்ணாம்புக்கல்லை விரலால் தடவிப் பாருங்கள். சிப்பியின் வரிகளும் முருகைக்கல்லின் துளைகளும் கையில் படும். கண்ணுக்கு எளிதில் தெரியாத இன்னொன்றும் அதில் இருக்கிறது. பொராமினிபெரா என்று சொல்லப்படும் ஒருகல உயிரினங்களின் ஓடுகள் அவை. பெரும்பாலானவை மணற்குறுணி அளவுதான். ஒவ்வொரு இனமும் தனக்கேற்ற வெப்பநிலை, ஆழம், உவர்த்தன்மை உள்ள நீரில்தான் வாழும். முருகைக்கற்களுக்கும் அப்படியே. அவற்றுக்குச் சூடான, ஆழம் குறைந்த, வெளிச்சம் புகக்கூடிய தெளிந்த கடல் வேண்டும். எனவே இந்தக் கல்லை வாசிப்பவர்களுக்கு, இங்கே இளஞ்சூடான ஆழமற்ற கடல் இருந்தது என்பதும், சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் பெரிய ஆறு எதுவும் அருகில் இருக்கவில்லை என்பதும் தெரிகிறது.

இந்தச் சிறு ஓடுகளின் கதையில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். மாணவிகள் அவர்களை அறிந்திருக்க வேண்டும். எஸ்தர் அப்ளின் என்ற அமெரிக்கப் பெண், துளையிட்டு எடுத்த மண்ணிலுள்ள பொராமினிபெராவைக் கொண்டு படைகளின் வயதைச் சொல்லலாம் என்று 1921 இல் ஒரு கூட்டத்தில் எடுத்துரைத்தார். ஒரு பேராசிரியர் அதைக் கேலி செய்தார். அப்ளின் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. அல்வா எல்லிசர், ஹெட்விக் நைக்கர் என்ற இரு பெண்களோடு சேர்ந்து, ரெக்சாஸ், லூயிசியானா கரையோரப் படைகளை இந்த ஓடுகளின் துணையோடு வரிசைப்படுத்தி 1925 இல் கட்டுரை வெளியிட்டார். எண்ணெய்க் கம்பனிகள் எல்லாம் பின்னர் அந்த வழியைத்தான் பின்பற்றின.

நமது சுண்ணாம்புக் கடல் படிந்துகொண்டிருந்த அதே காலத்தில், தூரத்தே இமயமலை உயர்ந்துகொண்டிருந்தது. மழை அதை அரிக்க, கங்கையும் பிரமபுத்திராவும் அந்த மண்ணை வங்காள விரிகுடாவில் கொட்டின. அது ஆழ்கடலடி வழியே இலங்கைக்குக் கிழக்காகத் தெற்கு நோக்கி ஓடியது. 1987 இல் ஓர் ஆய்வுக் கப்பல் இலங்கைக்குத் தெற்கே, பூமத்திய கோட்டுக்கு அண்மையில், கடலடியைத் துளைத்துப் பார்த்தது. வந்தது இமயத்தின் மண். அதன் அடிப்பகுதி 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கும் பழையது. மலை எவ்வளவு காலமாக உயர்ந்து, எவ்வளவு காலமாகத் தேய்கிறது என்பதை மலையில் ஏறாமல், கடலின் அடியில் இருந்தே வாசிக்கிறார்கள்.

கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்

கடல்மட்டம் தாழ்ந்தும் நிலம் மெல்ல உயர்ந்தும் நமது கடலடி தரையானது. அதன்பின் மழை தன் வேலையைத் தொடங்கியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருந்து காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். இலட்சக்கணக்கான ஆண்டுகள் கரைத்ததில் கல்லுக்குள் வெடிப்புகளும் குழிகளும் குகைகளும் உண்டாயின. இப்படித்தான் குடாநாட்டின் தரையமைப்பு உருவானது. வழுக்கியாற்றை விட்டால் ஆறு என்று சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. மழை தரையில் ஓடாமல் கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. நிலாவரைக் கிணறு இப்படிக் கரைந்த கல்லின் ஒரு வாய்தான். அதன் மேற்பகுதியில் நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கீரிமலையில் கடலின் விளிம்பில் நன்னீர் ஊறுவதும் இதே கல்லின் உள்வழிகளால்தான்.

மேலே நன்னீர், கீழே உவர்நீர் என்பது நிலாவரைக்கு மட்டும் உரியதல்ல. குடாநாட்டின் எல்லாக் கிணறுகளுக்கும் அதுவே அடிப்படை. கல்லுக்குள் புகுந்திருக்கும் கடல்நீரின்மேல், அடர்த்தி குறைந்த மழைநீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்பே இரு ஐரோப்பியப் பொறியியலாளர்கள் தனித்தனியே இதற்கொரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே அது ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை இறங்கி நிற்க முடியும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை 1 மீற்றர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழே இருக்கும் உவர்நீர் 40 மீற்றர் மேலே வரக்கூடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. நீர் இறைக்கும் யந்திரத்துக்குக் களைப்பில்லை.

எங்கள் வகுப்பினர் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள். கூரையில்லாத வகுப்பறைகளையும் கதவில்லாத வாசல்களையும் கண்டிருக்கிறோம். ஊருக்குத் திரும்பிய ஒவ்வொரு குடும்பமும் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுப்பு மூட்டினார்கள். நமது ஊர்களை மீண்டும் ஊராக்கியது அந்தக் கல்லுக்குள் இருந்த தண்ணீர். அதற்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

மழையின் குறிப்பேடு

கிணற்றுக்கு மழை வேண்டும். மழை எப்போதும் இப்படியே பெய்ததா? இதற்கும் இலங்கையிலேயே ஒரு சாட்சி உண்டு. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் உயரமான ஹோட்டன் சமவெளியில், தாவரங்கள் முழுமையாக உக்காமல் படிந்த சதுப்பு நிலம் இருக்கிறது. ரத்னசிறி பிரேமதிலக என்ற ஆய்வாளரும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஒருவரும் அங்கே சதுப்பைத் துளைத்து எடுத்த மண்ணை ஆராய்ந்து 2003 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் படைகளின் அடிப்பகுதி 24,000 ஆண்டுகள் பழையது.

மகரந்தமணியின் வெளித்தோல் மிகவும் உறுதியானது. காற்றுப் புகாத சதுப்பில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். ஒவ்வொரு தாவரத்துக்கும் தனித்தனி வடிவம். எந்தப் படையில் புல்லின் மகரந்தம் மிகுந்திருக்கிறது, எதில் மழைக்காட்டு மரங்களின் மகரந்தம் மிகுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனால், மழையின் ஏற்றத்தாழ்வு தெரிந்துவிடும். இந்த எண்ணிக்கையின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகில் பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, அந்தச் சமவெளி வறண்டு கிடந்தது. தென்மேல் பருவக்காற்று நலிந்திருந்தது. பின்னர் மழை வலுத்தது. அதன்பின்னரும் ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. காட்டை எரித்ததற்கும், மந்தை மேய்த்ததற்கும், தானியம் விளைத்ததற்குமான தடயங்களையும் அதே படைகளில் கண்டதாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மலையில் மழை குறைந்திருந்த அந்தக் காலத்தில், நமது பக்கத்தில் கடலே விலகியிருந்தது. உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பனியாக உறைந்ததால் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ மிகவும் ஆழமற்றது. ஆகவே அப்போது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். பனி உருகிக் கடல் திரும்பி வந்து நம்மைத் தீவாக்கியது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான். நமது கல்லுக்கு இருக்கும் வயதோடு ஒப்பிட்டால், நாம் தீவாகியது நேற்று நடந்த விடயம்.

நூறு ஆண்டு எவ்வளவு என்று தொடக்கத்தில் கேட்டோம். ஹோட்டன் சமவெளியின் சதுப்பு சில மீற்றர் ஆழம்தான். 24,000 ஆண்டுகளை அதில் பங்கிட்டால், ஒரு நூற்றாண்டுக்கு இரண்டு, இரண்டரைச் சென்ரிமீற்றர் வரும். இன்று உங்கள் கையில் இருக்கும் நூற்றாண்டு மலரின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆழ்கடலின் நடுவிலோ நூறு ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் படியும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும்

இந்த உரையை மலரில் வாசிக்கப் போகும் நம் தோழியர் பலர் தூர தேசங்களில் இருக்கிறார்கள். அவர்கள் காலடியிலும் படைகள் உண்டு.

லண்டனில் இருப்பவர்கள் சுரங்க ரயிலில் போகும்போது, அந்தச் சுரங்கங்களிற் பெரும்பாலானவை குடையப்பட்டிருப்பது லண்டன் களி என்ற படையில் என்பதை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் அது. தேம்ஸ் கழிமுகத்தின் ஷெப்பி தீவில் அந்தக் களியிலிருந்து பழங்களும் விதைகளும் கல்லாகிக் கிடைக்கின்றன. எலினோர் ரீட், மார்ஜரி சான்ட்லர் என்ற இரு பெண்கள் அவற்றை ஒவ்வொன்றாக இனங்கண்டு 1933 இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். அவற்றுள் நிப்பா என்ற சதுப்புநிலப் பனையின் காய்கள் ஏராளம். அந்தப் பனை இன்று இங்கிலாந்தில் இல்லை. நமது தீவின் தென்மேற்குக் கரையோரக் கழிகளில் இருக்கிறது. நீங்கள் குளிருக்குப் போர்த்திக்கொண்டு நடக்கும் நகரம் ஒருகாலத்தில் காலிக் கரையோரம் போல் இருந்தது என்பதற்கு அந்தக் காய்களே அத்தாட்சி.

ரொறன்ரோவில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறீர்கள்! ஒன்ராறியோ ஏரிக்கரையில் உயர்ந்து நிற்கும் ஸ்காபரோ மண்மேடுகளைப் படம் எடுக்காதவர்கள் இருக்கமாட்டார்கள். அந்த மேடுகளில் தெரியும் வரிகள் பனிக்காலத்தின் அடையற் படைகள். ஆறொன்று குளிர்ந்த ஏரியில் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும், அதன்மேல் பனிப்பாளம் உழுது விட்ட களியும் கல்லும் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. நகரின் நடுவே டொன் பள்ளத்தாக்கில் 1889 முதல் 1984 வரை செங்கல் அறுத்த இடமொன்று இருக்கிறது. அந்தக் கிடங்கின் சுவரில், ஸ்காபரோ படைகளுக்கும் கீழே, ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு படை உண்டு. பேராசிரியர் ஏ. பி. கோல்மன் அதை நெடுங்காலம் ஆராய்ந்தார். அதில் கிடைத்த இலைகளும் மரங்களும், அப்போது அந்த இடம் இன்றையதைவிட 2, 3 பாகை வெப்பமாக இருந்ததைக் காட்டுகின்றன. அதற்குமேல் குளிர், அதற்குமேல் பனி. ரொறன்ரோவின் பழைய செங்கல் வீடுகள் பல அந்தக் கிடங்கின் மண்ணால் கட்டப்பட்டவை.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “காலநிலை முன்பும் மாறியதுதானே, இப்போது மட்டும் ஏன் கவலை?” என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு வைத்தியர்களின் பதில் இலகுவானது. இவருக்கு முன்பும் காய்ச்சல் வந்தது என்பதால் இன்றைய காய்ச்சலுக்கு மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. காய்ச்சலின் காரணத்தைத் தேடுவோம். அந்தாட்டிக்காவின் பனியும் படைபடையாகப் படிந்ததுதான். அதில் அடைபட்ட காற்றுக் குமிழிகளை அளந்தபோது, கடந்த 8,00,000 ஆண்டுகளில் தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை என்று தெரிந்தது. இன்று அது 420 ஐத் தாண்டிவிட்டது. இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. பழைய மனிதர்கள் கடல் வந்தபோது கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். கோயிலையும் வைத்தியசாலையையும் கல்லூரியையும் கிணற்றையும் அப்படித் தூக்கிக்கொண்டு நகர முடியாது. குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தைத் தாண்டாதது. கடல் கொஞ்சம் உயர்ந்தாலே, கல்லுக்குள் இருக்கும் நன்னீர் வில்லையும் அதனால் பாதிக்கப்படும்.

நமது படை

இனி, அந்தக் கல்லுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன என்ற கேள்விக்கு வருவோம்.

மழையை இலகுவாக உள்ளே விடும் கல், மற்றவற்றையும் இலகுவாக உள்ளே விடும். தோட்டத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சமும், மலசலகூடக் குழிகளில் இருந்து கசிவதும் நைத்திரேற்றாக மாறி, கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதைப் பற்றித் தாய்மாருக்கு இரண்டு விடயங்களைச் சொல்லியே ஆகவேண்டும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கலாம். இரண்டாவது, கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். சில மாதக் குழந்தைக்கு அப்படிப்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குருதியின் ஒட்சிசன் காவும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். அது உயிராபத்தான நிலை. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நமது ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது.

ஒரு நோயாளி வந்தால் முதலில் நோய் வரலாற்றைக் கேட்கிறோம். எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, சென்ற வருடம் எப்படி இருந்தது என்று கேட்கிறோம். பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்தவருக்குச் செய்யும் வைத்தியம் வேறு, ஒன்றுமில்லாமல் வந்தவருக்குச் செய்யும் வைத்தியம் வேறு. நமது கிணறுகளுக்குக் கொப்பி இல்லை. கல் 2 கோடி ஆண்டுகளின் வரலாற்றைத் தானாகவே எழுதி வைத்திருக்கிறது. நம் காலத்து வரலாற்றையும் அது எழுதும். பிளாஸ்ரிக்கும் உரமும் கரியும் அதில் இருக்கும். ஆனால் அதைப் பின்னர் யாரோ வாசிக்கும்வரை காத்திருக்க நம்மால் முடியாது. நம்முடைய படையை நாமே எழுதவும் வேண்டும், உடனுக்குடன் வாசிக்கவும் வேண்டும்.

ஆகவே பழைய மாணவிகள் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் வாயிலும் எழும்பட்டும். அவற்றோடு, கல்லூரிக் கிணற்றுக்கு ஒரு குறிப்பேடும் தொடங்குவோம். ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் மாணவிகள் மூன்று அளவுகளை எடுக்கட்டும்: நீர்மட்டம், உவர்த்தன்மை, நைத்திரேற்று. மழையளவையும் அருகில் எழுதட்டும். இதற்கு வேண்டியவை ஓர் அளவுநாடா, ஒரு மின்கடத்துதிறன் மானி, நைத்திரேற்றுச் சோதனைத் தாள்கள், ஒரு மழைமானி, தடித்த அட்டைபோட்ட கொப்பி ஒன்று. வெளிநாட்டுக் கிளைகள் கருவிகளைப் பொறுப்பெடுக்கலாம். புவியியல், இரசாயனவியல் ஆசிரியர்கள் வழிகாட்டலாம். ஆண்டுக்கொருமுறை ஒரு மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மாணவிகளின் அளவு சரிதானா என்று ஒத்துப் பார்க்கலாம். கிணறு கலங்கியிருந்தாலும் எழுதவேண்டும், பரீட்சைக் காலமென்றாலும் எழுதவேண்டும். ஓரிரு ஆண்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்து ஆண்டில் கோடு எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். தண்ணீர் கெடுகிறதென்றால், கெட்டு முடிவதற்கு முன் தெரியும்.

மாணவிகளே, இந்த வேலை உங்களுடையது. எஸ்தர் அப்ளினும் தோழியரும், எலினோர் ரீடும் மார்ஜரி சான்ட்லரும் செய்தது இதுபோன்ற வேலைதான். சிறிய பொருளைக் கையில் எடுத்து, பொறுமையாக எண்ணி, அளந்து, எழுதி வைத்தார்கள். உங்களில் யாராவது புவிச்சரிதவியல் படிக்கப் போனால் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி. வைத்தியராக வந்தாலும், ஆசிரியராக வந்தாலும், வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்தாலும், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பெண்களாக இங்கிருந்து போங்கள்.

அக்காமாரே, தங்கைமாரே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டின் கல்லையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். உங்கள் பிள்ளைகளை ஸ்காபரோ மேட்டுக்கும் ஷெப்பி கரைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது நமது கிணற்றடிக்கும் கூட்டி வாருங்கள். கட்டுக் கல்லில் இருக்கும் சிப்பியைக் காட்டி, “இது கடலாக இருந்த இடம்” என்று சொல்லுங்கள். அப்போது குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது உங்கள் உரிமை.